அண்ணனின் கைப்பையில் ஒரு போத்தல் கயா

1

மாங்காய்த் தொக்கு திரவமா, திடமா? என் அண்ணன் காரைக்குடியிலிருந்து ஈப்போவுக்கு வந்து சேர்ந்த அன்று எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி இதுதான். தங்கச்சி இளைத்துவிட்டாளா, பெருத்துவிட்டாளா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஆத்தா, நீயே ஞாயத்தைச் சொல்லு. பாட்டிலை அவன் மூஞ்சிக்கு நேரா தலைகீழாக் கவுத்துக் காட்டுனேன். ஒரு சொட்டு விழுகல. விழுகாதது எப்படித் திரவமாகும்?"

நடந்தது இதுதான். அண்ணமிண்டிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, முட்டிவலி. கூட வர முடியாததால் தனக்குப் பதிலாக ஒரு பாட்டில் தொக்கை அனுப்பியிருந்தார். அண்ணன் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். திருச்சியில் பையைச் சோதித்தவர் தொக்கை எடுத்துவிட்டார். அண்ணனுக்குக் காரைக்குடியில் பாத்திரக் கடை. மூடியை வைத்தே ஒரு பாத்திரத்தையும், சில சமயம் அதைக் கொண்டுவந்த ஆளையும் எடை போடுகிறவர். "இது எங்க கடை மூடி, ஒழுகாது" என்று அந்த அதிகாரிக்கு உத்தரவாதம் வேறு கொடுத்திருக்கிறார். அதிகாரி அசையவில்லையாம்.

என் கணவர் சொக்கலிங்கம் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கியதிலிருந்து தன்னை ஒரு விமான நிறுவனமாகவே நினைத்துக்கொண்டிருப்பவர். அவர் மச்சானுக்கு, பேச்சின் முடிவில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து, சட்டத்தை விளக்கினார்.

"நூறு மில்லிக்கு மேல எதுவும் கைப்பையில போவாது மச்சான். ஜாம், தயிர், பற்பசை, எல்லாம் தண்ணி கணக்குத்தான் லா."

அண்ணன் தானாகவே ஒரு சட்டம் இயற்றினார். "தொக்குல எண்ணெய் மிதந்துச்சு. அதைப் பாத்துத்தான் புடிச்சிருக்கான். எண்ணெய் மிதக்கலைன்னா விட்டிருப்பான்."

மறுத்துப் பேச எங்களுக்குத் துணிவில்லை. ஒரு காரியமாக அவரை வரவழைத்திருந்தோம். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2

நான் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அன்று இந்த நூறு மில்லி சட்டமெல்லாம் கிடையாது. நல்லெண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். பணிப்பெண் வந்து அதை மேலே வைக்கட்டுமா என்று கேட்டாள். நான் முழித்த முழியில் பேசாமல் போய்விட்டாள். இப்போது அப்படி ஒரு டின்னோடு போனால் என்னையே இறக்கிவிடுவார்கள்.

எண்ணெய் எளிதாக வந்து சேர்ந்தது. எனக்குத்தான் பாடு. இங்கே தங்கியிருக்க ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. அதைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் கணவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அசலைக் காட்டாமல் நகலை வாங்க மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. எதற்காக இந்த நாட்டில் இருக்கிறாய் என்று கேட்டால் "இக்குட் சுவாமி" என்று சொல் என இவர் சொல்லிக்கொடுத்தார். கணவரோடு வந்தேன் என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். கணவனைச் சுவாமி என்று அழைக்கும் மொழி இன்னும் உலகத்தில் இருக்கிறது என்பதில் இவருக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை அலுவலக வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

காரைக்குடிக்குப் போனால் என் பேச்சு ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு. "சூசா" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். சிரமம் என்று அர்த்தம். கார் என்பதற்குக் காடி என்பேன். இங்கே வந்தாலோ, என் தமிழ் ரொம்பச் சுத்தம் என்று பாசார் என்கிற சந்தையில் மீன் விற்கும் அம்மாள் கேலி செய்கிறார். இரண்டு இடத்திலும் நான்தான் வெளியூர்க்காரி.

என் மகள் வள்ளிக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவளுக்கு ஒரே ஊர்தான், ஒரே பேச்சுதான். கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தாய்மாமனான அம்மானைப் பார்க்க விடுமுறை போட்டு வந்தவள் காலையில் அவர் எதிரே போய் நின்று, "பசியாறிட்டீங்களா அம்மான்?" என்றாள். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு இங்கே அப்படித்தான் கேட்பார்கள்.

"பசி ஆறிருச்சு ஆத்தா. தொக்கு போன வயித்தெரிச்சல்தான் இன்னும் ஆறல."

"ரூல்ஸ் அப்படித்தான் அம்மான். சூசா லா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு புள்ளையைப் பெற்று இப்படியா வளர்த்திருக்கிறாய் என்ற பார்வை. ஆனால் அவள் போன பிறகு, "நல்லா இருக்கு, கிளி பேசுற மாதிரி" என்றார்.

3

அண்ணனை நான் வரவழைத்தது கோயிலும் குகையும் சுற்றிக்காட்ட அல்ல. வள்ளி ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஜோசப் என்று பெயர், சித்தியவான் என்ற ஊர்ப் பையன். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம். இப்போது அந்தத் தோட்டம் முழுக்க எண்ணெய் பிழிகிற செம்பனை. குடும்பம் ஊருக்குள் தாமான் என்கிற ஒரு புதுக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டது. வேதக்காரர்கள். அப்பா இல்லை. அம்மா மேரி, பள்ளிக்கூடத்துக் கேன்டீன் நடத்துகிறார்.

வள்ளி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவளும் அவனும் முடிவு செய்து வெகுநாளாகிறது. என் கணவரும் சரி என்றுவிட்டார். நானும் மூன்று நாள் அழுதுவிட்டுச் சரி என்றுவிட்டேன். எனக்கு வேண்டியது அண்ணனின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அம்மான் வந்து நிற்காத கல்யாணம் எங்கள் பக்கத்தில் கல்யாணமே இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வள்ளிக்கு ஒன்றும் குறைந்துபோகாது. அவள் கோலாலம்பூரில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்துவாள். பிறந்த வீடு இல்லாமல் போகிறவள் நான்தான். அப்பா அம்மா போன பிறகு காரைக்குடியில் எனக்கென்று திறந்திருக்கிற கதவு அவருடையது ஒன்றுதான்.

கடிதத்திலும் தொலைபேசியிலும் சொன்னால் காரியம் கெடும் என்று நேரில் வரச் சொன்னேன். வந்த இரண்டாம் நாள், இடியாப்பம் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட நல்ல நேரம் பார்த்துச் சொன்னேன். பையன் பெயரைக் கேட்டார். குடும்பத்தைக் கேட்டார். என்ன வேலை என்று கேட்டார்.

"விமான நிலையத்துல அண்ணே. பயணிகளோட கைப்பையைச் சோதிக்கிற வேலை."

அதுவரை சாய்ந்திருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொக்கை எடுக்குற வேலையா?"

மதத்துக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். தோட்டத்துக் குடும்பம் என்பதற்கும் பதில் இருந்தது. தொக்குக்குத்தான் யோசித்து வைக்கவில்லை.

4

இருந்தாலும் வீட்டைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியவானுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை. "தென்னை மாதிரியும் இல்லை, பனை மாதிரியும் இல்லை" என்று அதற்கும் ஒரு குறை சொன்னார்.

மேரி அக்கா வாசலுக்கே வந்து நின்றார். நல்ல உயரம், பெரிய குரல். கேன்டீனில் நூறு பிள்ளைகளை அதட்டிய குரல் வீட்டுக்குள் அடங்குமா?

"வாங்கண்ணே, உள்ள வாங்க. வெய்யில்ல வந்துருக்கீங்க. தண்ணி கலக்கட்டுங்களா?"

அண்ணன் வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுவிட்டார். ஊரில் தண்ணி என்று தனியாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் அவர் காதோரம் போய், "தேத்தண்ணி அண்ணே, இங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி உள்ளே இழுத்துப் போனேன்.

ஜோசப் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்க நிற்கும் பிள்ளையைப் போல நின்றான். சுவரில் மாதா படம், கீழே ஒரு சின்ன விளக்கு. அண்ணன் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், விளக்கு பித்தளையா என்பதையும் பார்த்துக்கொண்டார். மேசையில் மேரி அக்கா பலகாரங்களைப் பரப்பியிருந்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேசி முடிக்காத வீட்டுல கை நனைக்கிறதில்லை. எங்க வழக்கம்."

பெண்ணோ பையனோ பார்க்கப் போன இடத்தில், சம்பந்தம் முடிவாகும் வரை சாப்பிடுவதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கை நனைத்துவிட்டால் சம்மதித்ததாகக் கணக்கு. ஆனால் இந்த நாட்டில் இன்னும் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? மேரி அக்கா அவமானமாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று கலங்கிப் போனேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கப்பாவும் அப்படித்தாண்ணே! எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போன வீட்ல ஒரு வாய் பச்சத்தண்ணி வாங்கலயாம். பசி தாங்காம திரும்பி வர்ற வழியில ஒரு சீப்பு வாழைப்பழத்தத் தின்னுட்டாரு. அப்புறம் வயித்து வலி லா."

அண்ணன் சிரிக்கவில்லை. சிரிப்பு வெளியே வந்துவிடாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

புறப்படும்போது மேரி அக்கா அடுப்படிக்குள் போய் ஒரு கண்ணாடிப் போத்தலோடு வந்தார். நிறையக் கயா. தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து, ரம்பை இலை போட்டு, சிறுதீயில் கை ஓயாமல் கிண்டி எடுப்பது. ரொட்டியில் தடவித் தின்பார்கள். விடியற்காலையில் எழுந்து கிண்டியிருக்கிறார்.

"சாப்பிடத்தானே கூடாது? கொண்டுபோவலாம்ல? அண்ணி சாப்பிடட்டும். அவங்க இந்த வீட்டுக்கு வரலையே."

இப்படி ஒரு சந்து இருக்கும் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. போத்தலை வாங்கினார். மூடியைத் திருகிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், ஒரு தடவை கவிழ்த்தும் பார்த்தார்.

திரும்பி வரும்போது காடியில் மெதுவாகக் கேட்டேன். "பையன் எப்படி அண்ணே?"

"மூடி நல்ல இறுக்கம்" என்றார்.

5

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, வீட்டில் பெட்டி கட்டும் வைபவம். தைலம் மட்டும் ஒரு தெருவுக்கு ஆகிற அளவு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், காரைக்குடிக்காரர்களுக்குத் தலைவலி வருவதே மலேசியாவிலிருந்து ஆள் வரும் சமயத்தில்தான். பெட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, இவர் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். அவர் கை கழுவப் போனதும் அண்ணன் ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார்.

கயாப் போத்தலை நான்தான் வேட்டியில் சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வைத்தேன். அதற்கு முன்பே அண்ணன் மூடியைச் சுற்றிக் கனத்த ஒட்டுநாடாவைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். தொழில் கை அல்லவா, அழகாகத்தான் சுற்றினார்.

ஆனால் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். மண்டபத்துக்கெல்லாம் இங்கே முன்கூட்டியே சொல்லி வைக்கணும் அண்ணே என்றேன். "எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்றார். நீங்க இல்லாம எப்படி அண்ணே என்றேன். "இந்தக் காப்பித்தூள் உறையில மூடி இல்லையே, எப்படி அடைச்சு வக்கிறது?" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருக்குப் புரியவில்லை என்றால் பரவாயில்லை. புரிந்துகொண்டு நழுவுகிறார்.

புறப்பட்ட அன்று கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் காம்பார் ஊர் போனது, தாப்பா போனது. அண்ணன் மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தார். கல்யாணமாகி வந்தபோது என் மடியில் இருந்த நல்லெண்ணெய் டின்னைக்கூட நான் அப்படி அணைத்திருக்க மாட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

6

விமான நிலையத்துக்கு வள்ளியும் ஜோசப்பும் கோலாலம்பூரிலிருந்து நேரே வந்திருந்தார்கள். பெட்டியைக் கொடுத்தாயிற்று. அது பட்டையில் ஏறி உள்ளே போய்விட்டது. பயணிகள் மட்டும் போகும் வாசல் வரை அண்ணனோடு நடந்தோம். கைப்பையை நான் தூக்கி வருகிறேன் அங்கிள் என்று ஜோசப் வாங்கினான். வாங்கியவன் நின்றுவிட்டான்.

"அங்கிள், உள்ள போத்தல் இருக்கா?"

பையைத் திறக்கக்கூட இல்லை. அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

"கண்ணாடிப் பாட்டில் தம்பி. பெட்டியை அவனுக தூக்கி எறிவானுக, ஒடைஞ்சு போகும். அதான் கையில எடுத்துக்கிட்டேன். இது தொக்கு இல்ல, கயா. பாரு, எண்ணெய் மிதக்கல."

"கயாவும் விட மாட்டாங்க அங்கிள். அளவு கூட."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ இங்கதானே வேலை பாக்குற? உள்ள இருக்கிறது ஒங்க ஆளுகதானே. ஒரு வார்த்தை சொன்னா விட மாட்டானா?"

நான் ஜோசப்பின் முகத்தைப் பார்த்தேன். வள்ளியும் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு எந்த நாட்டுச் சட்டமும் பெரிதாகப் படவில்லை. சரி அங்கிள் என்று சொல்லேன்டா, ஒரு போத்தல் கயாவால் எந்த விமானம் விழுந்துவிடப் போகிறது என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பையனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"நான் கேட்டா ஒருவேளை விட்டுருவாங்க அங்கிள்" என்றான். "அதனாலதான் கேக்க மாட்டேன். நேத்துகூட ஒரு பாட்டிம்மாகிட்டேருந்து மிளகாய்ச் சம்பால் போத்தலை எடுத்தேன். எங்கம்மா செஞ்சதுன்னு இன்னிக்கு இத விடச் சொன்னா, நாளைக்கு நான் எப்படி அங்க நிக்கிறது?"

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். என் கணவர் நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று கையை நீட்டினார். "குடுங்க மச்சான், நான் வீட்டுக்குக் கொண்டுபோயிர்றேன் லா."

அந்த மனிதருக்கு எப்போது எதைப் பேசுவது என்றே தெரியாது. அண்ணன் அதை எங்களிடம் திருப்பிக் கொடுத்தால், அந்த வீட்டுப் பண்டம் வேண்டாம் என்று பையன் கண்ணெதிரே சொன்னதாக ஆகிவிடும். குப்பையில் போட அவருக்குக் கை வராது. சிந்திய பருக்கையைப் பொறுக்கித் தின்கிற மனிதர். வேறு வழி ஒன்றுதான் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் போத்தலைக் கொடுக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜோசப்பை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் ஒரு குடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"வள்ளி, இங்க ரொட்டி எங்க ஆத்தா கெடைக்கும்?"

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றுகொள்ள, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வருவதற்குள் மூடியைத் திறந்துவிடலாம் என்று அண்ணன் பார்த்தார். அவரே சுற்றிய நாடா, அவருக்கே விடவில்லை. கத்தியும் கிடையாது. "என்ன எழவுக்கு இத்தனை சுத்துச் சுத்துனேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஜோசப் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து நகத்தால் நாடாவின் நுனியைத் தேடினான். ஒருவர் போத்தலைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் உரிக்க, இரண்டு பேரும் தலை முட்டிக்கொள்ளும் தூரத்தில் குனிந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மூடி திறந்தது. வள்ளி ரொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் கரண்டியை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வலது கையின் விரல்களைப் போத்தலுக்குள் விட்டு, ஒரு தாராளமான கட்டி கயாவை எடுத்து, ரொட்டியில் வைத்து மடித்து வாயில் போட்டார். மென்று முடித்தார். இன்னொன்று எடுத்தார். அதை ஜோசப்பிடம் நீட்டினார்.

"சாப்பிடு."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அண்ணன் விரலில் ஒட்டியிருந்ததை நக்கி, நாக்கைச் சப்புக்கொட்டி, தரம் பார்க்கிற பாவனையில் கண்ணை மூடித் திறந்தார்.

"நல்லாத்தான் கிண்டியிருக்காக. சீனிதான் ஒரு கை கூட. சம்பந்தியம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லு தம்பி."

ஜோசப் வாய் நிறைய ரொட்டியோடு தலையை மட்டும் ஆட்டினான். நான் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன்.